நாலந்தா வீட்டு இர்வின் கப்பல்

மலையகத் தமிழரின் கதையை எழுதுகிறவர்கள் கோப்பியில் தொடங்குவார்கள், இல்லாவிட்டால் தேயிலையில். கடலில் யாரும் தொடங்குவதில்லை. கடல் என்றால் யாழ்ப்பாணத்தார், மன்னாரார், மட்டக்களப்பார்; நமக்கு மலையும் அட்டையும் பனியும் என்று நாங்களே நம்பிப் பழகிவிட்டோம். ஆனால் கடல் தாண்டாமல் இங்கே வந்து சேர்ந்த குடும்பம் எங்களில் ஒன்றுகூட இல்லை. இதை நான் பல வருடமாக வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கையால் தொட்டுக் காட்ட ஒரு பொருள் கிடைத்தது நாலந்தாவில்.

மாத்தளை டவுனிலிருந்து ஏ9 வீதியில் தம்புள்ளைப் பக்கமாக இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேலே போனால் நாலந்தா. வெளியூர்க்காரர்கள் அங்கே இறங்குவது கெடிகே என்ற பழைய கற்கோயிலைப் பார்க்க. நான் இறங்கியது ஒரு கப்பலைப் பார்க்க. மிளகுக் கொடியும் கொக்கோ மரமும் நெருங்கி வளர்ந்த ஒரு சின்ன வளவு, ஓட்டு வீடு, முன்னறையில் சாமிப் படங்களுக்குக் கீழே ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள்தான் அது இருக்கிறது: மரத்தில் கையால் செய்த ஒரு பயணிகள் கப்பல், இரண்டரை அடிக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் ‘இர்வின்’. அடிப்பலகையில் உளி முனையால் கீறிய வருடம், 1957.

“இது எங்கப்பா செஞ்சது தம்பி. கடையில வாங்குனதுன்னு நெனைக்காதீங்க” என்றார் வீட்டுக்காரர். எழுபது தாண்டியவர். அவருடைய அப்பா தோட்டத்தில் மரவேலை பார்த்தவர்; நம் பக்கத்தில் ‘பாஸ்’ என்று கூப்பிடுவோமே, அந்த வேலை. கதவு, ஜன்னல், ஸ்டோர் பெட்டி, கோயில் வாகனத்துக்குக் கால் என்று செய்துகொண்டிருந்தவர், வேலை முடிந்த இரவுகளில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் இதைச் செய்திருக்கிறார்.

அலமாரியைத் திறந்து வெளியே எடுத்து வைத்தார். நான் அதை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இப்படிப்பட்ட பொருளில் கதை முழுவதும் செய்முறையில்தான் இருக்கிறது.

உடல் பகுதி மலைவேம்பு மரம். சிங்களத்தில் லுணுமிதெல்ல என்பார்கள். இலேசான மரம், நீரில் நன்றாக மிதக்கும். கரையோரத்தில் கட்டுமரத்துக்கே போடுவார்கள். கடலைப் பார்த்து வளராத ஒருவர் கப்பலுக்குச் சரியான மரத்தை எடுத்திருக்கிறார். ஒரே கட்டையைக் குடையவில்லை. அரை அங்குலப் பலகைகளைக் கப்பலின் வடிவத்துக்கு ஒவ்வொன்றாக அறுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, வச்சிரம் போட்டு ஒட்டி, மூங்கில் ஆணி அறைந்து, பிறகு வெளிப்புறத்தை உளியாலும் கண்ணாடித் துண்டாலும் சீவி வழவழப்பாக்கியிருக்கிறார். உலகம் முழுவதும் மாதிரிக் கப்பல் செய்கிறவர்கள் கையாளுகிற முறை இது. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வழியில்லை. மரத்தைத் தெரிந்த கை தானாகவே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மேல்தளம் தேயிலைப் பெட்டிப் பலகை. கவிழ்த்துப் பார்த்தால் உள்பக்கத்தில் பெட்டிக்கு அச்சடித்த கறுப்பு எழுத்தின் பாதி இன்னும் தெரிகிறது. புகைபோக்கி, வெட்டிச் சுருட்டி ஈயம் பற்றவைத்த பால்மா டின். தளத்தைச் சுற்றியுள்ள கம்பிகள் உடைந்த குடையிலிருந்து வந்தவை. அவற்றுக்கிடையே கட்டியிருப்பது மெழுகு தேய்த்த தையல் நூல். வட்ட ஜன்னல்கள் பழைய சப்பாத்திலிருந்து கழற்றிய பித்தளை வளையங்கள், வரிசை பிசகாமல் பதித்திருக்கிறார். கட்டைவிரல் அளவில் உயிர்காப்புப் படகுகள். அவை தொங்குவது வளைத்த கொண்டை ஊசிகளில். “அம்மா தலையில இருந்து எடுத்தது, அதுக்கு ஒரு வாரம் சண்டை” என்று பெரியவர் சிரித்தார்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. மேல்தளத்தில், முன்பக்கத்து அறைகளுக்கு வெறும் சதுரங்களாக நீல மை பூசிவிட்டிருக்கிறார். கதவில்லை, கைப்பிடியில்லை. வெறும் நிறம். பின்பக்கத்துத் திறந்த தளத்துக்கு வந்தால் ஒரு சங்கதிகூட விடுபடவில்லை: தீக்குச்சியில் செய்த நீள பெஞ்சுகள், தண்ணீர்க் குழாய், கித்தான் கட்டும் கொக்கிகள், செங்குத்தான ஏணிப்படி. பெஞ்சுக்கு அடியில் டிரங்குப் பெட்டி, சாக்கு மூட்டை, பாய்ச்சுருள், பித்தளைத் தவலை. பாக்கைவிடச் சிறிய டிரங்குப் பெட்டிக்கு நாதாங்கி வைத்திருக்கிறார் அந்த மனிதர். அவர் பயணம் செய்தது அந்தத் தளத்தில். முன்பக்கத்து அறைகளுக்குள் அவர் கால் வைக்கவில்லை. பார்த்ததைச் செய்திருக்கிறார், பார்க்காததை இட்டுக்கட்டவில்லை. கப்பல் கட்டும் கம்பனிகள் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் மாதிரிகள் வரைபடத்தைப் பார்த்துச் செய்தவை. அவற்றில் எல்லாப் பக்கமும் ஒரே அளவு துல்லியமாக இருக்கும். இந்த இர்வினைப் பார்த்தால் செய்தவர் எந்த பெஞ்சில் உட்கார்ந்து வந்தார் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

இனி அசல் இர்வினுக்கு வருவோம்.

இந்தியாவையும் இலங்கையையும் ரயில் பாதையாலேயே இணைத்துவிட வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் முதலில் போட்ட திட்டம் பெரியது: ஆதாம் பாலத்து மணல்திட்டுகளின் மேலேயே தண்டவாளம் போடுவது. அது நடக்கவில்லை. பதிலுக்கு 1914இல் பாம்பன் பாலத்தைத் திறந்து, ரயிலைத் தனுஷ்கோடி வரை கொண்டுபோய், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டார்கள். தென்னிந்திய ரயில்வேக்குச் சொந்தமான நீராவிக் கப்பல்கள். கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று முதலில் வந்தவற்றுக்கு வைசிராய்களின் பெயர். அடுத்து வந்தவை இர்வின், கோஷன். இர்வின் பிரபு 1926 முதல் 1931 வரை வைசிராய். கோஷன் பிரபு அதே காலத்தையொட்டிச் சென்னை ஆளுநர். எழும்பூரில் ரயில் ஏறினால் தனுஷ்கோடி, கடலில் இருபத்து இரண்டு மைல், தலைமன்னாரில் மறுபடி ரயில், கொழும்புக் கோட்டையில் இறக்கம். ‘போட் மெயில்’ என்றால் இந்த மூன்றும் சேர்ந்ததுதான்.

எங்கள் ஆட்களுக்கு வைசிராயையும் தெரியாது, ஆளுநரையும் தெரியாது. இர்வின் என்றால் கப்பல்தான். “இருவின்ல வந்தோம், கோசன்ல போனோம்” என்று கிழவிகள் பேசுவதை நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் பயணத்துக்கு முன் மண்டபம் முகாமில் தங்க வேண்டும். இலங்கை அரசாங்கமே இந்திய மண்ணில் நடத்திய முகாம் அது. தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்து, தனிப்படுத்தி வைத்து, பிறகுதான் ஏற்றுவார்கள். 1901 முதல் ‘தகர டிக்கெட்’ என்றொரு ஏற்பாடும் இருந்தது. எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்பதற்கு எழுத்தும் எண்ணும் பொறித்த ஒரு சின்னத் தகட்டை ஆட்களின் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். வழிச்செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். சாமானை விலாசமிட்டு அனுப்புவது மாதிரி. சொந்தப் பெயரை எங்கேயும் சொல்லத் தேவையில்லாமல் ஒருவர் புதுக்கோட்டையிலிருந்து மாத்தளை வரை வந்து சேர்ந்துவிடலாம். இதை எழுதும்போது இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நீராவிக் கப்பலுக்கும் முந்திய காலத்தில்தான் நாலந்தாவுக்கு இந்தக் கதையில் நேரடியான இடம் இருக்கிறது. 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய பிறகு, தொண்டி, தேவிபட்டினம், அம்மாப்பட்டினம், பாம்பன் பக்கத்திலிருந்து தோணியிலும் பாய்க்கப்பலிலும் வந்து, தலைமன்னார், பேசாலை, வங்காலை, அரிப்பு என்று ஏதாவதொரு கரையில் இறங்குவார்கள். அங்கிருந்து கால்நடை. காட்டுப் பாதை, ஏறத்தாழ 150 மைல். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை தாண்டி நாலந்தா. அதற்கப்புறம் மாத்தளை. குடிக்கத் தண்ணீர் கிடைக்காத வறண்ட நாடு. கிடைத்த தண்ணீரில் வாந்திபேதி. வழியில் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். நாலந்தாவை எட்டியவர்களுக்கு வறண்ட நாடு முடிந்து மலை தொடங்குவது கண்ணுக்குத் தெரிந்திருக்கும், காற்றின் குளிர்ச்சி மாறியிருக்கும். இன்னும் ஒரு நாள், ஒன்றரை நாள் நடை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் எங்கள் ஆட்களுக்கு இவ்வளவு பெரிய கோயிலாக வளர்ந்ததற்கு இந்தப் பாதை ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் முதலில் கையெடுத்துக் கும்பிட ஓர் இடம் வேண்டுமே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், நோய்க்குப் பயந்து இந்த வடக்குப் பாதையை மூடினார்கள். தூத்துக்குடி–கொழும்பு வழி முக்கியமானது. பிறகு தனுஷ்கோடி–தலைமன்னார் வழி. தலைமன்னாரில் கோச்சி ஏறினால் அனுராதபுரம், பொல்காவலை, கண்டி சுற்றி மாத்தளையில் இறங்கலாம். நாலந்தா வழியில் நடந்தவர்கள் போய், நாலந்தா வழியே மறந்து போனது. 2023இல், மலையகத்துக்கு வந்த இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் வந்தபோதுதான் மறுபடியும் பெருங்கூட்டமாக எங்கள் ஆட்கள் இந்த வீதியில் நடந்தார்கள். பெரியவர் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். “அப்பா இருந்திருந்தா கப்பலைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே போயிருப்பாரு” என்றார்.

தோணி என்றதும் ஒரு பெயரைச் சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை: ஆதிலட்சுமி. 1864இல் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு இலங்கைக்கு வந்த வழியில் மூழ்கிய கப்பல். 120 பேர் செத்ததாக மலையக வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. டைட்டானிக் என்றால் நம் பிள்ளைகளுக்கு மூழ்கிய வருடம் முதல் பாடல் வரை தெரிகிறது. ஆதிலட்சுமியை எந்தப் பள்ளிக்கூடத்திலாவது யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தக் கடல் எங்களுக்குத் துன்பம் மட்டும் கொடுத்த கடலில்லை. கோப்பிக் காலத்தில் பழம் பறிக்கிற சில மாதங்களுக்கு வருவார்கள், முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள், அடுத்த வருடம் மறுபடி வருவார்கள். தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும் என்பதால்தான் லயத்தில் நிரந்தரமாகத் தங்கினார்கள். தங்கிய பிறகும் போக்குவரத்து நிற்கவில்லை. கல்யாணம், காதுகுத்து, கருமாதி, குலசாமிக்குப் பொங்கல் என்று போய்வந்துகொண்டே இருந்தார்கள். போகும்போது தேயிலைத் தூளும் தேங்காயெண்ணெயும். வரும்போது கண்டாங்கிச் சேலையும் கருப்பட்டியும். இரண்டு கரையிலும் வீடு இருக்கிறவர்களுக்கு நடுவிலுள்ள கடல் ஒரு வீதிதான். இர்வின் அந்த வீதியில் ஓடிய பஸ். மாதிரிக் கப்பலின் பெஞ்சுக்கு அடியிலுள்ள தவலையும் பாய்ச்சுருளும் எனக்கு அந்தச் சாதாரணத்தைத்தான் காட்டின. யாரோ தங்கச்சிக்குச் சீர் கொண்டு போகிறார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சாதாரணப் பயணமே குற்றமாக மாறியது 1948க்குப் பிறகு. சுதந்திர இலங்கையின் முதலாவது பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது எல்லோருக்கும் தெரியும். அடுத்த வருடம், 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு கதவைத் திறப்பதுபோலத் திறந்து, வாசலில் ஒரு நிபந்தனையை வைத்தது. கல்யாணமானவர்கள் 1946 ஜனவரி 1க்கு முந்திய ஏழு வருடம், ஆகாதவர்கள் பத்து வருடம், அதற்குப் பிறகு விண்ணப்பிக்கும் நாள் வரையிலும், இலங்கையில் இடைவிடாமல் வாழ்ந்திருக்க வேண்டும். ஒரு தடவை போனால் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. அதாவது, சட்டமே பிறக்காத காலத்தில் நீங்கள் கப்பலேறிப் போய்வந்தது இப்போது உங்களுக்கு எதிரான சாட்சி. இந்த வீட்டுப் பெரியவரின் பெரியப்பா 1947இல் இர்வினில் போனவர். படுத்த படுக்கையாகக் கிடந்த தாயாருக்குப் பக்கத்தில் பதினைந்து மாதம் இருந்து, கருமாதி முடித்துத் திரும்பி வந்தவர். அவருக்குப் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போனதில், ஏறத்தாழ 1,34,000 பேருக்குத்தான் கிடைத்தது. மீதிப் பேரில் எத்தனை பேரைக் கப்பல் டிக்கெட் கவிழ்த்ததோ!

அதே வீட்டில், அதே அண்ணனோடு வாழ்ந்த தம்பிதான் 1957இல் உட்கார்ந்து இர்வினைச் செய்தவர். ஏன் செய்தார் என்று கேட்டேன். “அப்பா அதையெல்லாம் சொல்ற ஆளு இல்லீங்க. செய்வாரு, வைப்பாரு” என்றார் பெரியவர். நானும் மேலே தோண்டவில்லை. செய்த பொருள் முன்னால் இருக்கிறது, அது போதும்.

1964ஆம் வருடத்தின் கடைசி மாதங்களில் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். அக்டோபர் 30: சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் (பத்து வருடம் கழித்து அவர்களையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள்). எங்களில் யாரையும் கேட்காமல் எங்களை எண்ணிப் பங்கிட்ட தாள் அது. டிசம்பர் 22 இரவு: புயல். தனுஷ்கோடி ஊரே போனது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் கடலுக்குள் இழுபட்டது. இர்வினும் கோஷனும் வந்து நின்ற துறை அழிந்தது. அனுப்புவது என்று முடிவாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, போகிற வழி அடித்துப்போனது.

வழியை மறுபடி உண்டாக்கினார்கள். இந்த முறை ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு. பிந்திய வருடங்களில் இந்த வழியில் ஓடிய கப்பலின் பெயர் ‘ராமானுஜம்’. என் வயதுக்காரர்களுக்குக் கப்பல் என்றால் அதுதான். 1970களில் ஹட்டனிலும் நாவலப்பிட்டியிலும் கண்டியிலும் கோச்சிப் பெட்டிக்குள் இருக்கிறவர்களும் மேடையில் நிற்கிறவர்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில், அந்தக் கோச்சிக்கே ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் விழுந்தது. தலைமன்னாரில் ராமானுஜம், அக்கரையில் மண்டபம் முகாம். ஆமாம், தாத்தாமார்கள் வரும்போது தங்கிய அதே மண்டபம். பேரப்பிள்ளைகள் போகும்போதும் அதில்தான் தங்கினார்கள். அதற்கப்புறம் கூடலூர், கோத்தகிரி என்று நீலகிரிப் பக்கம். தாயகம் திரும்பியோருக்காகவே தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. மலையை விட்டுப் போனவர்களுக்கு அங்கேயும் மலைதான் வாய்த்தது, கையில் அதே கொழுந்துக் கூடை. நாலந்தாப் பெரியவரின் அத்தையும் அவர் பிள்ளைகளும் கூடலூரில் இருக்கிறார்கள்.

ராமானுஜமும் 1984இல் நின்றது. போர். 1990இல் தலைமன்னார் ரயில் பாதையும் போனது. 2015 மார்ச்சில் அந்தப் பாதையைத் திரும்பப் போட்டுத் திறந்துவிட்டார்கள். இப்போது கோச்சி தலைமன்னார் இறங்குதுறை நிலையம் வரைக்கும் போகிறது. இறங்கிக் கொஞ்சம் நடந்தால் பழைய வெளிச்சவீடும், துருப்பிடித்த துறைப் பாலத்தின் எலும்பும் நிற்கின்றன. கப்பல் இல்லை. 2011இல் தூத்துக்குடி–கொழும்பு வழியில் ஒன்று ஓடிச் சில மாதத்தில் நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக்குச் ‘செரியபாணி’ தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி ஆரம்பித்தது. நல்லதுதான். மனமார வரவேற்கிறேன். ஆனால் எங்கள் ஆட்கள் போய்வந்த வழி தலைமன்னார் வழி. அந்த இருபத்து இரண்டு மைல் இன்னும் வெறும் தண்ணீராகவே கிடக்கிறது.

கடல் மரபு என்ற பேச்சு வரும்போதெல்லாம் தமிழர்கள் பெருமையோடு சொல்லும் பெயர்கள் எனக்கும் பெருமைதான். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி, பெயர் மாறி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றதை நினைத்தால் இன்றும் மயிர்க்கூச்செறிகிறது. வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பனி தொடங்கி, தூத்துக்குடி–கொழும்பு வழியில் வெள்ளைக்காரக் கம்பனியோடு மோதியதை எத்தனை தடவை படித்தாலும் அலுக்காது. நாகூர்க் கந்தூரியில் கொடி ஊர்வலத்தோடு கப்பல் வடிவத்தில் ரதங்கள் வருவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கப்பலை மாதிரியாகச் செய்து வணங்குகிற வழக்கம் நம் கரைகளில் எவ்வளவு ஆழமானது என்று. நாலந்தாக் கெடிகேயே கடல் தாண்டிய ஒரு கலைதான். எட்டு முதல் பத்தாம் நூற்றாண்டுக்குள் எழுந்த பௌத்த ஆலயம், ஆனால் மாமல்லபுரத்தைப் பார்த்தவர் எவரும் அதன் முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிடுவார். அவ்வளவு பல்லவச் சாயல். ஏழாம் நூற்றாண்டில் மானவர்மன் என்ற அனுராதபுர இளவரசன் பல்லவர் அவையில் அடைக்கலம் புகுந்து, அவர்களின் படையோடு கப்பலேறி வந்து ஆட்சியைப் பிடித்தான். படைகளோடு சிற்ப முறையும் நடமாடிய காலம். போவத்தென்ன நீர்த்தேக்கம் கட்டியபோது தண்ணீரில் மூழ்கவிருந்த அந்தக் கெடிகேயைக் கல் கல்லாகப் பிரித்து, எண் போட்டு, மேட்டில் திரும்பக் கட்டினார்கள். ஒரு கற்கோயிலுக்காக அவ்வளவு பாடுபட்ட நாடு இது. அதை நான் முழு மனதோடு மெச்சுகிறேன்.

இந்த வரிசையில் கப்பல் கட்டியவர்கள் இருக்கிறார்கள், ஓட்டியவர்கள் இருக்கிறார்கள், படை நடத்தியவர்கள் இருக்கிறார்கள். திறந்த தளத்தில் மூட்டையோடு உட்கார்ந்து போனவர்களுக்கு இடமில்லை. நாலந்தா இர்வினை நான் அந்த வரிசையில் கொண்டுபோய் வைக்கிறேன். பயணியின் கடல் மரபு என்று ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு பயணியே கையால் செய்த சான்று இது.

பெரியவருடைய மகன் கொழும்பில் வேலை பார்க்கிறார். அடுத்த விடுமுறைக்கு வரும்போது கப்பலுக்குப் புதுப் பெயின்ட் அடித்துத் தரலாம் என்று சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று நான் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டேன். அந்தக் கறுப்பு, அந்த நீலம், பெயரெழுத்தின் நடுங்கிய வெள்ளை எல்லாம் அந்த மனிதரின் கை. மேலே எனாமல் அடித்தால் கப்பல் பளபளக்கும், கை போய்விடும். வார்னிஷும் வேண்டாம். தூசியை மென்மையான சாயத் தூரிகையால் தட்டினால் போதும், ஈரத் துணி ஆகாது. வச்சிரம் ஈரம் பட்டால் இளகும். அலமாரி நிற்கிற இடத்தில் பின்னேர வெயில் விழுகிறது, அதை மாற்றச் சொன்னேன். அடிப்பலகையின் ஓரத்தில் ஊசித் துளைகளும் மாவுமாக உளுத்திருக்கிறது. அது உடலுக்குப் பரவுமுன் கவனிக்க வேண்டும். தெரிந்த ஒருவரைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அறுந்த நூல்கள் சிலவற்றைக் கட்டலாமா என்று கேட்டார். கட்டலாம், ஆனால் எந்த நூல் புதிது, என்றைக்குக் கட்டியது என்று ஒரு தாளில் எழுதி அலமாரியிலேயே வைக்கச் சொன்னேன்.

நூதனசாலைக்குக் கொடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கம்பளைப் பக்கத்தில் பழைய பீகொக் தோட்டத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே ஒரு நூதனசாலை நடக்கிறது. பழைய லயத்திலேயே அமைந்தது. எங்கள் ஆட்களின் பொருள்களை மரியாதையோடு வைக்கிற இடம். போகாதவர்கள் கட்டாயம் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆனால் இந்தக் கப்பல் எங்கே இருக்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. வீட்டில் இருந்தாலும் அதன் அளவுகள், படங்கள், பெரியவர் சொல்லும் கதை எல்லாம் பதிவாகிவிட வேண்டும் என்பதுதான் என் கவலை. எல்லாப் பக்கமிருந்தும் படமெடுத்திருக்கிறேன். அவர் பேச்சையும் பதிந்திருக்கிறேன். அவர் சம்மதம் கொடுத்த பிறகு அடுத்த பதிவில் போடுகிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில், சாமிப் படத்துக்குப் பின்னால் பாருங்கள். இர்வின், கோஷன், ராமானுஜம் கப்பல் டிக்கெட், தகர டிக்கெட், மண்டபம் முகாமில் கொடுத்த தாள், பழைய பாஸ்போர்ட், தலைமன்னார் துறையில் எடுத்த படம், எதுவாக இருந்தாலும் சரி. கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிற உறவினர்களையும் கேளுங்கள். போனவர்கள் கையில்தான் இவை கூடுதலாக இருக்கும். கிடைத்தால் கழுவாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். இரண்டு பக்கத்தையும் படமெடுத்து, யாருடையது, எந்தத் தோட்டம், எந்த வருடம், எந்தக் கப்பல், போனதா வந்ததா என்ற ஐந்தையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். பாட்டி உயிரோடு இருந்தால் முதலில் அவரிடம் கேட்டு எழுதுங்கள்.